எபியூசியோஸ்: பரமண்டல ஜெபத்தில் கேட்கும் அப்பம் எந்த நாளுக்கு உரியது?

பரமண்டல ஜெபத்தின் நான்காம் விண்ணப்பத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே விதமாகச் சொல்வதில்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயங்களில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் "எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்" என்பார்கள். ஆகாரம், உணவு என்ற வேறுபாடு பெரிதில்லை. 'வேண்டிய' என்பதும் 'அனுதின' என்பதும்தான் கவனிக்க வேண்டியவை. முன்னது தேவையின் அளவைச் சொல்கிறது, பின்னது நாட்கணக்கைச் சொல்கிறது. இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லுக்கு வந்தவை. அந்தச் சொல் 'எபியூசியோஸ்'. வேதத்திலுள்ள கிரேக்கச் சொற்களில் இவ்வளவு காலம் இவ்வளவு பேரைத் திணறவைத்த சொல் வேறொன்று இருக்கிறதா என்பது சந்தேகமே.

திணறலுக்குக் காரணம் எளிது. புதிய ஏற்பாட்டில் மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டு வசனங்களில் மட்டும் இச்சொல் வருகிறது. இரண்டும் ஒரே ஜெபம். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இல்லை. 'திதாகே' என்ற தொடக்ககாலத் திருச்சபை நூலின் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கேயும், நாளுக்கு மூன்று முறை இந்த ஜெபத்தைச் சொல்லுங்கள் என்று அதே ஜெபம்தான் முழுதாக எடுத்தெழுதப்பட்டிருக்கிறது. அதற்கு வெளியே, கிரேக்க நாடகத்திலோ வரலாற்று நூலிலோ கல்வெட்டிலோ கடைக் கணக்கிலோ இந்தச் சொல் தன்னிச்சையாகப் புழங்கியதற்குச் சான்று இல்லை. பின்னால் வந்தவர்கள் எழுதியதெல்லாம் இந்த ஜெபத்துக்கு எழுதிய விளக்கமே.

3ஆம் நூற்றாண்டிலேயே ஒரிகன் இதைக் கவனித்துவிட்டார். அலெக்சாந்திரியாவில் பிறந்து கிரேக்கத்திலேயே வளர்ந்தவர், நூலாய்விலும் தேர்ந்தவர். ஜெபத்தைப் பற்றிய தம் நூலில், இந்தச் சொல்லைக் கிரேக்க அறிஞர் எவரும் ஆளவில்லை, சாதாரண மக்களின் பேச்சிலும் இது இல்லை, சுவிசேஷகர்களே இதை உண்டாக்கியதாகத் தெரிகிறது என்று எழுதினார். அந்த மொழி உயிரோடு பேசப்பட்ட காலத்தில், அந்த மொழிக்காரரே சொன்ன சாட்சி இது. இன்று அகராதியைத் திறந்து ஒரே வரியில் பொருள் சொல்லிவிடுகிறவர்கள் முதலில் இதை மனதில் வைக்க வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இயேசு இந்த ஜெபத்தை அரமாயிக் மொழியில் கற்றுக்கொடுத்தார் என்பதே பெரும்பாலோர் கருத்து. அதை மத்தேயுவும் லூக்காவும் தனித்தனியாகக் கிரேக்கத்தில் பெயர்த்திருந்தால், எங்குமே இல்லாத ஒரு சொல் இருவருக்கும் ஒரே இடத்தில் வந்து விழுந்திருக்காது. ஆகவே இரு சுவிசேஷங்களும் எழுதப்படும் முன்பே, இந்த விண்ணப்பம் கிரேக்கத்தில் ஒரு நிலைத்த வடிவம் பெற்றுச் சபைகளில் ஓதப்பட்டிருக்கிறது.

மத்தேயுவின் கிரேக்க வரியை, வரிசை மாற்றாமல் தமிழில் வைத்துப் பார்க்கலாம்: "அப்பத்தை, எங்களுடையதை, அந்த எபியூசியோஸ் ஆனதை, தாரும் எங்களுக்கு இன்று." அப்பம் முதலில் நிற்கிறது, 'இன்று' கடைசியில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இந்தச் சொல். அப்பத்தின் கிரேக்கப் பெயர் 'ஆர்ட்டோஸ்'. கோதுமை அல்லது வாற்கோதுமை மாவில் சுட்ட அப்பத்தைக் குறிக்கும் சொல், பொதுவாக உணவுக்கும் வழங்கியது. அது எப்படிப்பட்ட அப்பம் என்று சொல்வதுதான் எபியூசியோஸ்.

கிடைத்தது, தொலைந்தது, மீண்டும் கிடைத்தது

1889இல் ஒரு நம்பிக்கை பிறந்தது. எகிப்தின் ஹவாரா என்ற இடத்தில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அகழ்ந்தெடுத்த பப்பைரஸ்களில், அதாவது நாணல் ஏடுகளில், ஒன்று வெறும் செலவுக் கணக்கு. ஏ. எச். சேய்ஸ் அதைப் படித்து வெளியிட்டார். அதில் ஒரு வரியில் 'எபியூசி...' என்று தொடங்கி முறிந்துபோன ஒரு சொல் இருப்பதாக அவர் படித்தார். 1915இல் பிரைசிக்கே தொகுத்த பப்பைரஸ் தொகுப்பில் அது 5224 என்ற எண்ணோடு சேர்ந்தது. அன்றாடப் படிச்செலவு என்று அதற்கு அவர் பொருள் கொண்டார். ஜெபத்துக்கு வெளியே, சந்தைச் செலவுக் கணக்கில், இந்தச் சொல் அகப்பட்டுவிட்டது என்று அகராதிகள் குறித்துக்கொண்டன. 'அன்றாட அப்பம்' என்ற பொருளுக்கு அது வலுவான ஆதாரமாயிற்று.

யாராவது மறுபடி படித்துச் சரிபார்க்கலாம் என்றால் மூல ஏட்டைக் காணவில்லை. 1957இல் புதிய ஏற்பாட்டு அறிஞர் புரூஸ் மெட்ஸ்கர், ஜெபத்துக்கு வெளியே இந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற கேள்வியை எடுத்து ஆராய்ந்தபோது, இந்த ஒரே சான்றும் கைக்கு எட்டாததாக நின்றது. 1998இல் அதே ஏடு யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டு நைமன், வோர்ப் என்ற இருவர் அதைப் படித்த முடிவை வெளியிட்டார்கள். அந்த இடத்தில் இருப்பது எபியூசியோஸ் அல்ல, 'எண்ணெய்' என்பதற்கான 'எலாயோன்' சொல்லின் ஒரு வடிவம். செலவுக் கணக்கில் எண்ணெய் இருப்பதில் வியப்பில்லை. நூற்றுப் பத்து ஆண்டுகள் அகராதிகளில் நின்ற சான்று அதோடு போயிற்று.

இது ஏதோ பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 1999க்கு முன் அச்சான அகராதிகள்தான் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல, அந்தப் பப்பைரஸைச் சான்றாகக் காட்டியபடியே இருக்கின்றன. அதை நம்பி "எகிப்தின் கணக்கு ஏட்டில் இந்தச் சொல் கிடைத்துள்ளது" என்று பிரசங்கக் குறிப்பில் எழுதுகிறவர், திருத்தப்பட்டுவிட்ட ஒரு பிழையைப் புதுப்பிக்கிறார்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

வெளிச்சான்று இல்லாத சொல்லுக்குப் பொருள் காண இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, சொல் உருவான விதம். மற்றது, அதை முதன்முதலில் வேறு மொழிக்குக் கொண்டுபோனவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது.

உருவான விதத்துக்கு இரு பெரிய கருத்துகள் இருக்கின்றன. முதலாவது, 'எபி' என்ற முன்னொட்டும் 'ஊசியா' என்ற பெயர்ச்சொல்லும் சேர்ந்தது என்பது. ஊசியா என்றால் இருப்பு, உள்ளியல்பு, சிலவிடங்களில் உடைமை. ஒரிகன் இந்தப் பக்கம் சாய்ந்தார். இருப்புக்கு உகந்த அப்பம், ஆத்துமாவின் சாரத்தோடு ஒன்றாகிற அப்பம் என்று அவர் விரித்தார். அதற்கு ஒப்பாக 'பெரியூசியோஸ்' என்ற சொல்லைக் காட்டினார். யாத்திராகமம் 19:5இல் இஸ்ரவேலைத் தேவனுடைய சொந்த ஜனம் என்று சொல்லுமிடத்தில் செப்துவஜிந்து ஆளும் சொல் அது. தீத்து 2:14இலும் வருகிறது.

இந்த ஒப்புமை மேலோட்டமாகப் பார்க்கப் பொருத்தமாகத் தெரியும். கிரேக்கப் புணர்ச்சி விதி தெரிந்தவர்களுக்கு அதில் ஓட்டை தெரியும். 'பெரி' என்ற முன்னொட்டு, பின்னால் உயிரெழுத்து வந்தாலும் தன் இகரத்தை விடுவதில்லை. 'எபி' விடும். நிலைமொழி ஈற்று உகரம் உயிர் வந்தால் கெடுவது தமிழில் எப்படியோ, அப்படி அங்கே எபியின் இகரம் கெடும். ஆகவே எபியும் ஊசியாவும் சேர்ந்தால் 'எபூசியோஸ்' என்றுதான் வர வேண்டும். இதற்கு வேறெங்கும் தேட வேண்டாம். வானம் என்ற 'ஊரானோஸ்' சொல்லோடு எபி சேர்ந்து பரலோகத்துக்குரியது என்ற பொருளில் புதிய ஏற்பாட்டில் பலமுறை வருவது 'எபூரானியோஸ்'. அங்கே இகரம் இல்லை. ஊசியாவோடேயே எபி சேர்ந்த சொல் ஒன்று தத்துவ நூல்களில் உண்டு. உள்ளியல்புக்கு வெளியே வந்து சேர்ந்தது என்ற பொருளில் போர்ஃபிரி ஆளும் 'எபூசியோடேஸ்'. அங்கேயும் இகரம் கெட்டிருக்கிறது.

விதிவிலக்கு இல்லையா என்றால், உண்டு. பிலிப்பியர் 4:5இல் சாந்தகுணத்தைக் குறிக்க வரும் 'எபியெய்கேஸ்', மத்தேயு 5:33இல் பொய்யாணை இடுவதைக் குறிக்கும் 'எபியோர்கேயோ' இரண்டிலும் இகரம் நிற்கிறது. ஆனால் அவற்றுக்குக் காரணம் சொல்ல முடியும். முன்னதன் வேரில் பழைய காலத்தில் வகர ஒலி ஒன்று இருந்து மறைந்தது. பின்னதன் வேர் ஹகர ஒலியோடு தொடங்கியது. அந்த மெய்கள் இகரத்தைக் காத்தன. ஊசியாவின் முன்னால் அப்படி எதுவும் இல்லை. பிற்காலக் கிரேக்கத்தில் புணர்ச்சி சற்றுத் தளர்ந்தது உண்மைதான், ஆகவே இதை அசைக்க முடியாத நிரூபணம் என்று சொல்லக்கூடாது. ஆனாலும் ஊசியாவை ஆதரிக்கிறவர்கள்தான் விளக்கம் சொல்லியாக வேண்டிய நிலையில் இருக்கிறார்கள்.

இரண்டாவது கருத்தில் இந்தச் சிக்கலே இல்லை. 'எபியேனாய்' என்றால் அடுத்து வருதல், வந்தடைதல். அதன் பெண்பால் எச்ச வடிவம் 'எபியூசா', வருகிறது என்று பொருள். இங்கே காதில் விழும் இகரம், செல்லுதல் என்ற வினையின் வேரிலேயே இருப்பது. எபியின் இகரம் கெட்டாலும் அது நிற்கும். எபியூசாவோடு 'இயோஸ்' என்ற உரிச்சொல் விகுதி சேர்ந்தால் எபியூசியோஸ். எச்ச வடிவத்திலிருந்து இப்படி உரிச்சொல் பிறப்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. மனமுவந்து என்ற பொருளில் பிலேமோன் 14இல் வரும் 'ஹெகூசியோஸ்' அதே அச்சில் வார்த்தது.

எபியூசியோஸ் அரிது, எபியூசா அரிதல்ல. 'ஹே எபியூசா', வருகிறது என்று மட்டும் சொன்னாலே நாள் என்பது தொக்கி நின்று 'வரும் நாள்' என்று பொருள் தரும். அப்போஸ்தலருடைய நடபடிகளில் ஐந்து முறை வருகிறது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 7:26, 16:11, 20:15, 21:18 நான்கிலும் 'மறுநாள்' என்றே இருக்கிறது. ஐந்தாவது இடம் 23:11. அங்கே நாளுக்குப் பதில் இரவு என்ற சொல் சேர்ந்து வருகிறது. பகலில் ஆலோசனைச் சங்கத்தில் கலகம் நடந்தது, பவுலைக் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள், வந்த இரவில் கர்த்தர் அவன் அருகே நின்றார். தமிழ் அதை "அன்று இராத்திரியிலே" என்கிறது. சரியான பெயர்ப்பு. ஒரே சொல், ஒரு பக்கம் மறுநாள், இன்னொரு பக்கம் அன்று.

இதில் முரண்பாடு இல்லை. எபியூசா என்பது நாட்காட்டியில் நாளையைக் குறிக்கும் சொல் அல்ல, அதற்கு 'அவுரியோன்' என்று வேறு சொல் இருக்கிறது. பேசுகிற கணத்துக்கு அடுத்து எது வருகிறதோ அதைத்தான் எபியூசா சுட்டும். பிளேட்டோவின் 'கிரிட்டோ' உரையாடல் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சிறையிலிருக்கும் சாக்ரடீஸைக் காண விடியுமுன் வந்த நண்பன், டெலோஸ் தீவிலிருந்து வரும் கப்பல் இன்று வந்துவிடும் என்கிறான். கப்பல் வந்தால் மறுநாள் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை. சாக்ரடீஸ், அது வரும் நாளில் வராது, அதற்கடுத்த நாளில்தான் வரும் என்கிறார். அவர் 'வரும் நாள்' என்றது இன்னும் விடியாத அந்த நாளை, நாம் 'இன்று' என்று சொல்கிற அதே நாளை. ஜே. பி. லைட்ஃபுட் 1871இல் இந்தச் சொல்லைப் பற்றி எழுதிய நீண்ட ஆய்வில் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார். விடியலில் ஜெபித்தால் எபியூசியோஸ் அப்பம் அன்றைக்குரியது. அந்தியில் ஜெபித்தால் மறுநாளுக்குரியது. யூத வழக்கில் சூரியன் மறையும்போதே அடுத்த நாள் பிறந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்தி ஜெபத்தில் இன்று, நாளை என்ற கோடே மெலிந்துவிடுகிறது.

என் முடிவு இந்தப் பக்கம்தான். எபியூசியோஸ் அப்பம் என்றால் அடுத்து வரும் நாளுக்கான அப்பம்.

கூலிக்காரனின் அப்பம்

சொல்லிலக்கணத்தோடு நின்றிருந்தால் இது வறட்டு வாதமாகவே போயிருக்கும். இந்த ஜெபத்தை முதலில் கேட்டவர்களின் வயிற்றுப்பாட்டோடு அது பொருந்துவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் திராட்சத்தோட்டக் கூலியாட்களை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு பணம் என்று பேசி விடியலில் வேலைக்குப் போகிறார்கள். கிரேக்கத்தில் அது ஒரு 'தெனாரியோன்'. கூலி கைக்கு வருவது சாயங்காலம். உபாகமம் 24:15 பொழுது போகுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. லேவியராகமம் 19:13 கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. அந்தக் கட்டளைகளுக்குப் பின்னால் இருப்பது ஒரு கணக்கு. மாலையில் வாங்கிய காசில்தான் தானியம் வாங்க வேண்டும். வாங்கிய தானியம் அப்படியே அப்பமாகாது. திரிகையில் அரைக்க வேண்டும், அதுவும் பெண்கள் இருவர் சேர்ந்து அரைக்கும் வேலை (மத்தேயு 24:41). பிறகு பிசைந்து, புளிக்கவைத்து, அடுப்பில் சுட வேண்டும். ஆக, இன்று மாலை கூலி வராவிட்டால் நாளைக்கு அப்பம் இல்லை. வரும் நாளின் அப்பம் இன்றே கைக்கு வந்தாக வேண்டும்.

அளவும் தெரியும். கிரேக்கர் ஒரு ஆளுக்கு ஒரு நாள் தானியமாகக் கொண்டது ஒரு 'கொய்னிக்ஸ்', ஏறக்குறைய 1 லிட்டர் கொள்ளளவு. பாரசீக அரசன் செர்க்செஸின் சேனைக்கு வேண்டிய கோதுமையைக் கணக்கிடும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இந்த அளவையே வைக்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் 6:6இல் பஞ்சகாலத்து விலை கூவப்படுகிறது: ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, ஒரு பணத்துக்கு மூன்று படி வாற்கோதுமை. தமிழில் 'படி' என்றிருப்பது கிரேக்கத்தில் கொய்னிக்ஸ். அதாவது முழு நாள் கூலியும் ஒரே ஆளின் ஒரு நாள் கோதுமைக்குச் சரியாகப் போய்விடும். மனைவி மக்களுக்கு மலிவான வாற்கோதுமைதான். அந்த வாழ்க்கையில் "வரும் நாளுக்கான எங்கள் அப்பத்தை இன்று தாரும்" என்பது மிகையான வேண்டுதல் அல்ல. இன்றிரவு அரைக்கத் தானியம் வேண்டும் என்ற விண்ணப்பம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. அதே மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், 34ஆம் வசனத்தில், நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று இருக்கிறதே? நாளைக்கான அப்பத்தைக் கேட்பது அதற்கு முரண் அல்லவா? யூத ரபிகளும் இதே போலச் சொல்லியிருக்கிறார்கள். கூடையில் அப்பம் இருக்கும்போதே நாளைக்கு எதைச் சாப்பிடுவேன் என்கிறவன் அற்ப விசுவாசி என்பது தல்மூது என்ற யூத மறைநூல் தொகுப்பில் ரபி எலியேசரின் வாக்கு. மன்னாவும் அப்படித்தான். யாத்திராகமம் 16இல் ஆளுக்கு ஒரு ஓமர் என்ற அளவு, அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று சேர்க்க வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் புழு பிடித்து நாறும்.

ஆனால் ஜெபத்தில் கேட்பது கவலைப்படுவது ஆகாது. 6:34 விலக்குவது கவலையை. அந்தக் கவலையை இறக்கிவைக்கும் இடம்தான் ஜெபம். மன்னாவிலும் ஓர் இரட்டைப் படி உண்டு என்பதை மறக்கக்கூடாது. ஆறாம் நாளில் இரண்டு ஓமர், அது மறுநாள் வரை கெடாமல் இருந்தது. வரும் நாளின் அப்பத்தை முந்தின நாளே தருகிற தேவனை இஸ்ரவேலர் வாரந்தோறும் கண்டிருந்தார்கள். மேலும் கேட்பது ஒரே நாளுக்கு. களஞ்சியம் நிரம்பக் கேட்கவில்லை.

முதல் மொழிபெயர்ப்பாளர்கள்

எகிப்தில் கிரேக்கமும் கொப்திக்கும் ஒரே தெருவில் பேசப்பட்டன. கொப்திக் மொழிபெயர்ப்புகளில் தென்னெகிப்தின் சகிதிக் வடிவம் 'வருகின்ற அப்பம்' என்கிறது. வடக்கின் பொஹைரிக் மத்தேயு 'நாளைய அப்பம்' என்கிறது. இரண்டும் எபியூசாவை அறிந்து பெயர்த்தவை.

சீரியத்தில் கதை வேறு. பழைய சீரிய மொழிபெயர்ப்பு 'இடையறாத அப்பம்' என்ற பொருள்படும் சொல்லை ஆண்டது. பின்னால் வந்த பெஷித்தா அதை விட்டு, 'எங்கள் தேவைக்கான அப்பம்' என்றது. தமிழின் 'வேண்டிய ஆகாரம்' இதற்குத்தான் மிக அருகில் இருக்கிறது. இந்தப் பொருளுக்கு வேதத்திலேயே ஓர் அடித்தளம் உண்டு. நீதிமொழிகள் 30:8, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்." தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், அளந்த படி போதும் என்ற ஜெபம். 19ஆம் நூற்றாண்டில் புதிய ஏற்பாட்டை எபிரெயத்தில் பெயர்த்த ஃபிரான்ஸ் டெலிட்ஸ், பரமண்டல ஜெபத்தில் இந்த நீதிமொழியின் சொல்லையே எடுத்து வைத்தார். கருத்தளவில் அழகான பொருத்தம்தான். ஆனால் செப்துவஜிந்து அந்த நீதிமொழியைப் பெயர்க்கும்போது எபியூசியோஸ் என்ற சொல்லை ஆளவில்லை. அந்தப் பொருள் சூழலிலிருந்து வருகிறதே தவிர, சொல்லிலிருந்து வரவில்லை.

லத்தீன் பக்கம்தான் பெருங்குழப்பம். பழைய லத்தீன் பிரதிகளில் 'கொத்திதியானும்', அன்றாட, என்றிருந்தது. போப் தமாசுவின் வேண்டுகோளின்படி ஜெரோம் சுவிசேஷங்களைத் திருத்தி 384 வாக்கில் முடித்தபோது, லூக்காவில் அந்தச் சொல்லை அப்படியே விட்டார். மத்தேயுவில் மட்டும் 'சூப்பர்சுப்ஸ்தான்சியாலெம்' என்று புதிதாக வைத்தார். எபிக்கு 'மேலான', ஊசியாவுக்கு 'சாரம்', இரண்டையும் ஒட்டிய பெயர்ப்பு. ஒரே ஜெபத்தின் ஒரே சொல் இரு சுவிசேஷங்களில் இரண்டு விதமாயிற்று. வழிபாட்டில் ஓதிய மக்கள் கொத்திதியானும் சொல்லையே விடாமல் பிடித்துக்கொண்டார்கள், இன்றும் லத்தீன் ஜெபத்தில் அதுதான் இருக்கிறது.

அதே ஜெரோம் மத்தேயுவுக்கு எழுதிய உரையில் ஒரு அரிய தகவலைத் தருகிறார். எபிரெயரின் சுவிசேஷம் என்று வழங்கிய, இப்போது கிடைக்காத நூலில், இந்த இடத்தில் 'மஹார்' என்ற சொல்லைக் கண்டேன், நாளைக்குரியது என்று பொருள் என்கிறார். அந்த நூல் இயேசுவின் மூலச் சொல்லையே காத்துவைத்ததா, கிரேக்கத்திலிருந்து திரும்பப் பெயர்த்ததா என்பதில் கருத்துவேறுபாடு உண்டு. எதுவானாலும் சான்று சான்றுதான். இரண்டாவதுதான் உண்மை என்றால்கூட, செமித்திய மொழி பேசிய கிறிஸ்தவர்கள் எபியூசியோஸ் என்பதை நாளை என்று புரிந்துகொண்டார்கள் என்று ஆகிறது. மிலான் ஆயர் அம்புரோசும் கிரேக்கச் சொல் வரும் நாளைக் குறிக்கிறது என்பதை அறிந்திருந்தார். அந்தியோகியாவில் கிரேக்கத்தில் பிரசங்கித்த கிறிசோஸ்தோமோ, எபியூசியோஸ் என்றால் ஒரு நாளுக்கானது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

20ஆம் நூற்றாண்டில் யோவாகிம் எரெமியாஸ் ஜெரோமின் மஹாரைப் பிடித்துக்கொண்டு, நாளைய அப்பம் என்பது வரப்போகும் ராஜ்யத்தின் விருந்து என்று வாதித்தார். லூக்கா 14:15இல் தேவனுடைய ராஜ்யத்தில் போஜனம்பண்ணுகிறவன் பாக்கியவான் என்று வருவதால் அந்த எதிரொலி கேட்கத்தான் செய்கிறது. ஆயினும் அதையே முதற்பொருள் ஆக்குவது தவறு. இந்த ஜெபம் வரும் மத்தேயு 6ஆம் அதிகாரத்திலேயே என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம் என்ற கேள்வி நேரடியான பசியைப் பற்றியது. நற்கருணை அப்பம் என்ற விளக்கத்துக்கும் இதே பதில். சிப்பிரியானும் எருசலேமின் சிரிலும் அப்படித் தியானித்தார்கள், திருச்சபை அந்தத் தியானத்தைப் போற்றிக் காத்துவருகிறது. அதற்கு ஆதாரம் யோவான் 6ஆம் அதிகாரத்தில் தாராளமாக இருக்கிறது. 'சாரத்துக்கு மேலான' என்று எபியூசியோஸைப் பிளந்து அதைத் தேட வேண்டியதில்லை.

லூக்காவின் வரி

லூக்காவில் 'இன்று' இல்லை. "நாளுக்கு நாள்" என்ற பொருளுள்ள 'தோ கத் ஹேமெரான்' இருக்கிறது. வினையும் மாறியிருக்கிறது. மத்தேயுவின் 'தோஸ்' ஒருமுறை தரும்படி கேட்பது, லூக்காவின் 'திதூ' தந்துகொண்டே இரும் என்று தொடர்ச்சியைக் கேட்பது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை அன்றன்றும் எங்களுக்குத் தாரும்" என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது.

எபியூசியோஸ் என்பதற்கு 'அன்றாட' என்ற பொருளைக் கொடுத்தால் இங்கே உதைக்கும். "எங்கள் அன்றாட அப்பத்தை நாள்தோறும் தாரும்" என்று ஒரே கருத்து இருமுறை வரும். லூக்கா இவ்வளவு தேர்ந்த எழுத்தாளர், பொருளற்று அடுக்கமாட்டார். மேலும், அன்றாட என்று சொல்ல கிரேக்கத்தில் சொல் இல்லாமல் இல்லை. யாக்கோபு 2:15இல் "அநுதின ஆகாரமில்லாமல்" என்று தமிழில் படிப்பதன் மூலம் 'எஃபேமெரோஸ்'. எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சொல் கையருகே இருக்க, ஒரு புதுச்சொல் உருவாகியிருக்கிறது என்றால், சொல்ல வந்தது அதிலிருந்து சற்றேனும் வேறாக இருக்க வேண்டும். அடுத்து வரும் ஒவ்வொரு நாளுக்குமான அப்பத்தை அந்தந்த நாளில் என்று லூக்காவைப் படித்தால் இரண்டு சொல்லுக்கும் வேலை இருக்கிறது.

1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு மத்தேயுவில் "இன்று தேவையான உணவை எங்களுக்குத் தாரும்" என்கிறது. லூக்காவில் "எங்கள் அன்றாட உணவை நாள்தோறும் எங்களுக்குத் தாரும்" என்கிறது. ஜெரோமுக்கு நேர்ந்ததுதான் இங்கும், ஒரு சொல் இரண்டாகியிருக்கிறது. மத்தேயுவில் 'இன்று' என்பது தாருமோடு சேர வேண்டியது. அது 'தேவையான' என்பதோடு ஒட்டிக்கொண்டதால், எப்போது தர வேண்டும் என்ற குறிப்பு மங்கிவிட்டது.

வேதபாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும், வேதத்தின் மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்த ஸ்ட்ராங் தொகுதியின் எண்களைக் கொண்டுதான் கிரேக்கத்தைத் தேடுகிறார்கள். எபியூசியோஸின் எண் 1967. 1890இல் வந்த அந்தத் தொகுதியின் குறிப்பு, நாளைக்குரியது என்ற பொருளை முதலில் ஒரு வாய்ப்பாகச் சொல்லிவிட்டு, ஊசியாவிலிருந்து வந்திருப்பதே அதிகம் பொருந்தும் என்கிறது. இன்றைய நிலையில் அந்தத் தராசு மறுபக்கம் சாய்கிறது. முந்தின எண்ணான 1966இல் எபியூசா இருக்கிறது. அதைத் திறந்து, அப்போஸ்தலர் நடபடிகளின் ஐந்து வசனங்களையும் தமிழோடு ஒத்துப் பார்த்தால், கிரேக்க எழுத்து தெரியாதவர்கூட இந்த உறவைத் தாமே கண்டுகொள்ளலாம்.

ஸ்லாவிய வழிபாட்டு மொழி ஊசியாவை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்து 'நசூஷ்னி' என்று ஒரு சொல்லைப் படைத்தது. இன்றைய ரஷ்யனில் அதற்கு 'இன்றியமையாத' என்று பொருளாகிவிட்டது. கிரேக்கர்களோ எபியூசியோஸைப் பேச்சுமொழிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இன்று ஏதென்ஸில் ஒருவர் 'தோன் எபியூசியோ' சம்பாதிக்கிறேன் என்றால் வயிற்றுப்பாட்டைப் பார்க்கிறேன் என்று அர்த்தம். ஆனால் இவை ஜெபத்திலிருந்து மொழிக்குள் போனவை, ஜெபத்தின் பொருளுக்குச் சான்றாக எடுத்துக் காட்டக்கூடாது.

தலைமுறைகளாகச் சபையின் நாவில் பதிந்த ஜெபத்தை இனி மாற்றச் சொல்வது என் நோக்கமல்ல. 'வேண்டிய ஆகாரம்' பெஷித்தாவின் வழியில் நிற்கும் மதிப்புள்ள பெயர்ப்பு. ஆனால் படிப்புக்கான வேதாகமங்களில் மத்தேயு 6:11க்கு ஓர் அடிக்குறிப்பு இருந்தே ஆக வேண்டும். 1989இல் வெளிவந்த நியூ ரிவைஸ்டு ஸ்டாண்டர்ட் ஆங்கில மொழிபெயர்ப்பு உள்ளே அன்றாட அப்பம் என்று வைத்துக்கொண்டு, அடியில் 'அல்லது, நாளைக்கான எங்கள் அப்பம்' என்று குறிப்பு தருகிறது. தமிழில் 'நாளைக்கான' என்பதைவிட 'வரும் நாளுக்கான' என்பதே எபியூசாவுக்குச் சரியாகப் பொருந்தும். காலையில் சொன்னாலும் மாலையில் சொன்னாலும் அது நிற்கும். அந்த அடிக்குறிப்போடு அப்போஸ்தலர் 16:11, 23:11 என்ற இரண்டு ஒத்துவாக்கியங்களையும் சேர்த்துக் கொடுத்தால் போதும், வாசகர் மீதியைத் தாமே பார்த்துக்கொள்வார்.